இரண்டு வளாகம், ஒரு சீட்

சென்னை ஐ.ஐ.டி.யா, பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யா? ஜூன் மாதத்தில் சில வீடுகளில் இந்தக் கேள்வி ராத்திரிச் சாப்பாடு வரை நீளும். ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் எடுத்தும், கம்ப்யூட்டர் சயன்ஸ் ஒன்றே கதி என்று நிற்காமல் இயற்பியல், கணிதம், உயிரியல் பக்கமும் ஆசைப்படுகிற மாணவருக்கு இரண்டு இடத்திலும் சீட் கிடைப்பது நடக்கிற காரியம். தரவரிசை இங்கே கைகொடுக்காது. என்.ஐ.ஆர்.எஃப். ஒட்டுமொத்தப் பட்டியலில் 2019 முதல் ஐ.ஐ.டி. மெட்ராஸ்தான் முதலிடம். பல்கலைக்கழகப் பிரிவில், 2016-இல் பட்டியல் தொடங்கிய நாளிலிருந்தே ஐ.ஐ.எஸ்.சி. முதலிடம். ஆகவே நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாகிறது. போய்ப் பார்ப்பதிலும் ஏமாற வழிகள் உண்டு.

முதல் சிக்கல், போகும் நாள். ஐ.ஐ.எஸ்.சி. ஆண்டுக்கொரு முறை ‘ஓப்பன் டே’ நடத்துகிறது. அன்று ஊரே உள்ளே வரும். திரவ நைட்ரஜன் புகை, ரோபோ, காற்றுச்சுரங்கம், குழந்தைகள், நீளமான வரிசைகள். பார்க்கவேண்டிய திருவிழாதான், ஆனால் அதை வைத்து அங்கே நான்கு ஆண்டு எப்படிப் போகும் என்று கணிக்க முடியாது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் அட்வான்ஸ்டு தேறியவர்களுக்கு நடத்தும் ‘டெமோ டே’ இதைவிடப் பயனுள்ளது. துறை ஆசிரியர்களிடமே கேள்வி கேட்கலாம். ஆனால் அதுவும் விருந்தாளிக்காகக் கூட்டிப் பெருக்கி வைத்த வீடு.

ரிசல்ட் வந்தபின் ஜூனில் போனால் வேறொரு கோளாறு. ஐ.ஐ.டி.யில் அப்போது கோடை விடுமுறை. ஹாஸ்டல் அறைகள் பூட்டிக் கிடக்கும், கிரிக்கெட் மைதானத்தில் ஆள் இருக்காது. அதே வாரம் பெங்களூருக்குப் போனால் ஆய்வகங்களில் விளக்கு எரியும், காபிக் கடையில் கூட்டம் இருக்கும். காரணம் எளிது: அங்கே பெரும்பான்மை பிஎச்.டி. மாணவர்கள், அவர்களுக்குக் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. இதை அறியாத குடும்பம் ‘அங்கே உயிர் இருக்கு, இங்கே ஒண்ணுமே இல்லையே’ என்று முடிவெடுத்துவிடும். முடிந்தால் பதினொன்றாம் வகுப்பிலோ பன்னிரண்டின் தொடக்கத்திலோ, ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் ஒரு வேலைநாளில் பார்த்துவிடுவது மேல். கோச்சிங் சென்டர் அதற்கு விடாது என்பது உண்மைதான். ஜூனில்தான் முடியும் என்றால், கண்ணால் பார்த்ததைப் பாதியாக எடைபோட்டு, மீதியை இப்போது படிக்கும் மாணவர்களிடம் போனில் கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அழகு இரண்டு இடத்திலும் உண்டு, அதனால் அது தராசில் ஏற வேண்டியதில்லை. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டிக் காட்டை ஒட்டி எழுந்த ஐ.ஐ.டி. வளாகம் 600 ஏக்கருக்கு மேல். புள்ளிமான் சாலையைக் கடக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனால் குரங்கு அறையைச் சோதனை போட்டிருக்கும். ஹாஸ்டல்களுக்கு நதிகளின் பெயர்கள்: காவேரி, நர்மதா, கோதாவரி, தப்தி. ஐ.ஐ.எஸ்.சி. அதற்கும் அரை நூற்றாண்டு மூத்தது. ஜாம்ஷெட்ஜி டாடாவின் முயற்சியில், மைசூர் அரசு கொடுத்த நிலத்தில் 1909-இல் தோன்றி, சுமார் 400 ஏக்கரில் மர நிழலில் இருக்கிறது. பெங்களூரில் பழைய ஆட்டோக்காரர்களிடம் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றால்தான் சட்டென்று வண்டி கிளம்பும். மரங்களைவிட தூரங்களைப் பார்ப்பது பயன்தரும். ஐ.ஐ.டி.யில் மெயின் கேட்டிலிருந்து கஜேந்திர சர்க்கிள் வரையே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். உள்ளே ஓடும் பஸ்ஸும் சைக்கிளும் இல்லாமல் நாள் நகராது. ஹாஸ்டல், மெஸ், வகுப்பு, ஆய்வகம் என்ற வட்டத்தை ஒருமுறை நடந்தே சுற்றிவந்தால், அடுத்த நான்கு ஆண்டின் கால்வலி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இந்த வளாகம் யாரைச் சுற்றி இயங்குகிறது என்பதுதான் மையக் கேள்வி. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், வளாகத்தின் தாளத்தைப் போடுவது இளநிலை மாணவர்கள். சாரங், சாஸ்த்ரா விழாக்கள் அவர்கள் கையில். ‘சி.எஃப்.ஐ.’ என்கிற மாணவர் ஆய்வுக்கூடத்தில் ரேஸ் காரும் ஹைப்பர்லூப் வண்டியும் அவர்கள் கையாலேயே உருவாகின்றன. இங்கிருந்து போன ஆவிஷ்கார் அணி 2019-இல் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய ஹைப்பர்லூப் போட்டியில் கலந்துகொண்டது. அந்தக் கூடத்தைப் பகலில் பார்த்துப் பயனில்லை, அது இரவில்தான் விழிக்கும். ஐ.ஐ.எஸ்.சி.யிலோ இளநிலைப் படிப்பே 2011-இல்தான் வந்தது. ஆராய்ச்சிக்கென்று நூறு ஆண்டு ஓடிய வீட்டில் கடைசியாகப் பிறந்த பிள்ளைகள் அவர்கள். செல்லமும் உண்டு, தனிமையும் உண்டு. இரண்டாமாண்டு மாணவர் ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டி, லேபில் சேர்ந்துகொள்ள இடம் கேட்க முடிகிறது. அதே மாணவருக்குச் சாயங்காலம் கால்பந்து ஆட ஆள் சேர்ப்பது சிரமமாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஆய்வகத்தைச் சுற்றிக்காட்டும்போது எல்லோரும் கருவியைப் பார்ப்பார்கள். அதன் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பதிவேடோ கணினித் திரையில் ஒரு புக்கிங் அட்டவணையோ இருக்கும்: தேதி, நேரம், பெயர், யாருடைய குழு. அதில் இளநிலை மாணவர்களின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று கேட்டுப் பார்க்கலாம். ‘அவங்க மூணாவது வருஷம்தான் தொடுவாங்க’ என்பது ஒரு பதில். ‘அதோ, அந்தப் பையன் செகண்ட் இயர்’ என்பது இன்னொன்று. கையேட்டில் உள்ள ஆராய்ச்சி வாய்ப்பு பற்றிய பத்தியைவிட இந்த ஒரு வரி கூடுதல் சொல்லும். ஒரே வளாகத்தில் துறைக்குத் துறை இந்தப் பதில் மாறும் என்பதால், சேர நினைக்கும் துறையிலேயே கேட்க வேண்டும்.

பாடத்திட்டத்தை வீட்டிலேயே படித்துவிடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஐ.ஐ.எஸ்.சி.யின் பி.எஸ். படிப்பில் முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொது. கணிதத்துக்காக வந்தவர் உயிரியலும் படிக்க வேண்டும், உயிரியலுக்காக வந்தவர் கணிதத்திலிருந்து தப்ப முடியாது. அதன் பிறகே முதன்மைப் பாடம், கடைசி ஆண்டில் ஆய்வுத் திட்டம். பதினேழு வயதில் எந்த அறிவியல் என்று முடிவாகாதவருக்கு இது வரம், முடிவாகிவிட்டவருக்குப் பொறுமைச் சோதனை. ஐ.ஐ.டி.யில் துறை முதல் நாளே கையில். குவிஸ் ஒன்று, குவிஸ் இரண்டு, எண்ட் செம் என்று வாரங்கள் பறக்கும். ஒரு பேராசிரியருக்கு முன்கூட்டியே மெயில் போட்டு, ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்பது நல்லது. மரியாதையாகக் கேட்டால் சம்மதிப்பவர்கள் உண்டு. அங்கே பாடத்தைவிட முன் இருக்கும் முதுகுகளைக் கவனிக்க வேண்டும்: யார் எழுதுகிறார்கள், யார் போனில் இருக்கிறார்கள், கேள்வி கேட்டவருக்கு என்ன பதில் வந்தது.

மாணவர்களிடம் பேசும்போது ‘காலேஜ் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பரா இருக்கு அங்கிள்’ என்பதோடு முடிந்துவிடும். அப்பா பக்கத்தில் நின்று ‘தம்பி, பிளேஸ்மென்ட் எல்லாம் எப்படிப்பா?’ என்றால், அந்த ஆண்டின் மிக உயர்ந்த சம்பளத்தைச் சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். பெற்றோர் அந்நேரம் மருத்துவமனையையோ வார்டன் அலுவலகத்தையோ பார்க்கப் போவது உத்தமம். பிள்ளை தனியாக மெஸ்ஸில் உட்கார்ந்து, ‘நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குனீங்க?’, ‘போன செமஸ்டர்ல எந்தக் கோர்ஸை எடுக்காமலே இருந்திருக்கலாம்?’, ‘ஒரு பேப்பர் போச்சுன்னா யார்கிட்ட போவீங்க?’ என்று கேட்டால் கதை வெளியே வரும். துறையின் முதல் மாணவரைவிட, நடுத்தர சி.ஜி.பி.ஏ. வைத்திருக்கும் மூன்றாமாண்டு மாணவரே சரியான சாட்சி. முதல்வர் எங்கே இருந்தாலும் முதல்வராகத்தான் இருந்திருப்பார்.

பணக் கணக்கு வளாகத்தில் தெரியாது. ஐ.ஐ.டி. பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கும் அது முழுவதும் தள்ளுபடி. ஒன்று முதல் ஐந்து லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஐ.ஐ.எஸ்.சி. பி.எஸ்.ஸின் கல்விக் கட்டணம் அதில் சிறு பங்குதான். மேலும் அடிப்படை அறிவியல் படிப்போருக்கு நிபந்தனைகளோடு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை தரும் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் 2022-இல் தொடங்கிய ஐ.ஐ.எஸ்.சி. பி.டெக்., கட்டணத்தில் ஐ.ஐ.டி.யை ஒட்டியே வரும். இரண்டு படிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பட்ஜெட் போட்டவர்கள் உண்டு. வெயில், மழை, ஊருக்கு ரயில், இட்லி கிடைக்குமா என்பவை இரண்டாம் பட்சம். யாரும் இட்லிக்காகப் படிப்பை விட்டதில்லை.

கடைசியாகப் பார்த்த வளாகம்தான் மனதில் பெரிதாக நிற்கும். சென்னையில் வியர்த்துக்கொட்டிய பிறகு பெங்களூரில் இறங்கினால் அந்தக் குளிர்காற்றே பாதி ஓட்டைப் போட்டுவிடும். அதனால் பார்த்த அன்றே, ஊர் திரும்பும் ரயிலிலேயே எழுதி வைப்பது அவசியம், அதுவும் பெற்றோரும் பிள்ளையும் தனித்தனியாக. ஒப்பீடு நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில் அல்ல, கிடைக்கும் படிப்புக்கும் படிப்புக்கும் இடையில். ஐ.ஐ.டி.யின் இன்ஜினீயரிங் பிசிக்ஸையும் ஐ.ஐ.எஸ்.சி.யின் பி.எஸ். இயற்பியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருள் உண்டு. பிடிக்காத துறையை ஐ.ஐ.டி. என்ற பெயருக்காக எடுத்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்வதில் பொருள் இல்லை. துறை மாற்றம் குறித்து அந்த ஆண்டு விதிநூலில் எழுதியிருப்பதே கணக்கு. வேலைக்குப் போயே ஆக வேண்டிய வீட்டுச் சூழல் இருந்தால், பி.எஸ். முடித்தவர்களில் பலர் நேராக பிஎச்.டி.க்குப் போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்தப் பாதையில் சம்பளம் தாமதமாகத்தான் வரும்.

முடிவு எட்டினாலும் எட்டாவிட்டாலும் தேதிகள் காத்திருக்காது. ஐ.ஐ.டி. சீட் ஜோசா கலந்தாய்வு வழியே. ஐ.ஐ.எஸ்.சி.க்குத் தனி விண்ணப்பம், தனிச் சுற்றுகள். ஜோசாவில் தேடினால் அது வராது. பி.எஸ்.ஸுக்கு ஐசர் நுழைவுத் தேர்வு வழியாகவும் போகலாம். ஜோசாவில் கிடைத்த சீட்டை ‘ஃப்ரீஸ்’ செய்தால் அதோடு சரி. ‘ஃப்ளோட்’ என்றால் இதைக் கையில் வைத்துக்கொண்டே மேலானதற்குக் காத்திருக்கலாம். விலகுவதற்குக் குறிப்பிட்ட சுற்று வரைதான் வழி. அதைத் தாண்டி ஐ.ஐ.டி. சீட்டை வைத்துக்கொண்டிருந்தவர் அடுத்த ஆண்டு அட்வான்ஸ்டு எழுதும் தகுதியை இழக்கிறார். எனவே விலகல் கடைசித் தேதியையும் ஐ.ஐ.எஸ்.சி. சுற்றுகளின் தேதிகளையும் ஒரே காலண்டரில் குறித்து வைத்து, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் அசலும் ஸ்கேன் பிரதியும் இரண்டு இடத்துக்கும் பொருந்தும் வடிவத்தில் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டுத் தேதியிட்டு வாங்கியாக வேண்டும். தாலுகா ஆபீசில் அதற்குச் சில நாள் பிடிக்கும்.