காயம் பட்டவரின் ஹக்கு

உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற போதனையை அறியாத வணிகர் நம்மில் இல்லை. மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணிக் கொடுத்ததும், சிப்பந்தியின் ஹக்கு தீர்ந்தது என்று நிம்மதி கொள்கிறோம். அதே சிப்பந்தி நம் கடையில் மூட்டை இறக்கும்போது ஏணி சறுக்கி விழுந்து கை முறிந்தால், அப்போது நாம் அவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டது யாது? இதனைப் பலர் சிந்திப்பதில்லை. ஆகவே இம்மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

காயத்துக்கு ஈடு என்பது நமக்குப் புதிய சங்கதியன்று. மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் 'தியத்' என்ற பாடத்தைக் கேட்டிருப்பார்கள். உயிருக்கு மட்டுமல்ல, கை, கால், விரல், பல் வரைக்கும் ஈடு வகுத்துக் கூறும் பாடம் அது. வேண்டுமென்று செய்யாத சேதத்துக்கும் ஈடு உண்டு என்பது அதிலே முக்கியமான விதி.

சட்டம் சொல்வது

சிங்கப்பூரில் இதற்கென வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. இப்போது நடப்பிலுள்ளது 2019இல் நிறைவேறி, 2020 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. யாருடைய குற்றம் என்ற விசாரணை இதற்குத் தேவையில்லை. வேலை செய்யும்போது வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்றால் போதும். உள்நாட்டவர், வெளிநாட்டவர், சம்பளம் கூடியவர், குறைந்தவர் என்ற பேதமும் இல்லை. ஆனால் வீட்டுப் பணிப்பெண்களும் சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் இதில் சேரமாட்டார்கள்.

முதலாளி கொடுக்க வேண்டியவை மூன்று. ஒன்று, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம். வெளிநோயாளிக்கு முதல் 14 நாளும், மருத்துவமனையில் தங்கியவருக்கு முதல் 60 நாளும் முழுச் சம்பளம். அதற்கு மேல், விபத்து நடந்து ஓராண்டு வரை மூன்றில் இரு பங்கு. இரண்டு, வைத்தியச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நேரும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது ஓராண்டு வரை, இவற்றில் எது முந்துகிறதோ அது. மூன்று, நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் மொத்தமாக ஒரு தொகை.

இத்தனையும் கல்லாப்பெட்டியிலிருந்து போகுமோ என்று அஞ்ச வேண்டாம். அதற்காகவே காப்புறுதி. உடலுழைப்பு வேலை செய்பவர் எல்லோருக்கும், மாதம் 2,600 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோ பெறும் மற்றச் சிப்பந்திகளுக்கும் அதை எடுப்பது கட்டாயம். எடுக்காதவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நமக்குள் தீர்ப்பது

"ஊர்க்காரப் பையன்தானே, நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், மேலிடத்துக்கு ஏன் எழுத வேண்டும்?" என்று சொல்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். கையில் ஆயிரம் வெள்ளியும் விமான டிக்கெட்டும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்தது என்பது அவர்கள் எண்ணம். அது முடிவதில்லை. மருத்துவ விடுப்போ இலகுவான வேலையோ கொடுக்கும்படி மருத்துவர் எழுதிய விபத்தை 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். காயம் பட்டவர் ஈடு கோர ஓராண்டுதான் தவணை. கை சரியாக மடங்கவில்லை என்று ஊரில் பல மாதம் கழித்து அறிகிறவர், கேட்டு எழுத ஆளின்றி அந்தத் தவணையை இழக்கிறார். வாங்கும்போது அவர் சம்மதித்தார் என்பார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்தவரின் சம்மதம் சம்மதமாகுமா?

நம் தேக்காவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக உழைக்கும் டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்ற அமைப்பினர் 2008இல் கஃப் ரோட்டில் இலவச உணவுத் திட்டமொன்றைத் தொடங்கினார்கள். காயம் பட்டு, வேலை செய்ய அனுமதியின்றி, ஈட்டுத்தொகை எப்போது வருமென்று காத்திருந்த தமிழரும் வங்காளதேசத்தவரும் அங்கே வந்து பசியாறினார்கள். உழைத்து ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர் ஒருவேளைச் சோற்றுக்குப் பிறரை எதிர்பார்க்க நேர்வதை நாம் சிந்திக்க வேண்டும்.

யாரிடம் ஆலோசனை?

இச்சட்டத்தின்படி ஈடு கோர வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. மனிதவள அமைச்சின் மூலமே கோரலாம். முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்து நீதிமன்றத்தில் வழக்காடவும் வழியுண்டு. அதற்குத் தவணை மூன்றாண்டு. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நம் கடையில் வழுக்கி விழுந்த வாடிக்கையாளருக்கு முதல் வழி இல்லை. இரண்டாம் வழி உண்டு.

எதைத் தேர்வது என்று தெரியாதவர் தரகரை நாடக்கூடாது. ஜெயித்தால் பங்கு என்று பேசி இத்தகைய வழக்கை எடுக்க இந்நாட்டு வக்கீல்களுக்கு அனுமதியில்லை. ஆள் பிடித்துத் தருபவருக்குக் கமிஷன் கொடுக்கவும் கூடாது. நல்லெண்ணம் கொண்ட வக்கீல்கள் பலர் புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பின் வழியாகக் கட்டணமின்றி ஆலோசனை சொல்கிறார்கள். வருமானம் குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 1958இல் தொடங்கிய அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. தகராறு வந்தால் சிப்பந்திக்கு இவ்விடங்களைக் காட்டிவிடுவதே நேர்மையான முதலாளிக்கு அழகு.

வருமுன் காப்பது

ஈடு கொடுப்பதைவிடக் காயம் வராமல் காப்பது மேல். 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில், ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறுமாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சொந்தப் பாரமே கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. இடியுமுன் விரிசல்கள் தென்பட்டிருந்தன. சிறிய அறிகுறியை அலட்சியம் செய்யலாகாது என்பதே அதன் பாடம்.

கடையில் கனத்த மூட்டை கீழே, இலேசான சரக்கு மேலே இருக்கட்டும். ஆடும் ஏணியை அன்றே மாற்றுவோம். சிந்திய எண்ணெயை உடனே துடைப்போம். அஞ்சடியிலும் பின்வாசலிலும் பெட்டிகளை அடுக்கி வழியை அடைக்க வேண்டாம்.

வீட்டிலும் இதே கவனம் வேண்டும். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். இன்றோ ஆபத்து மின் இணைப்பிலும் இருக்கிறது. மின்சைக்கிள் பேட்டரியை இரவெல்லாம் சார்ஜில் போட்டுவிட்டு உறங்க வேண்டாம். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்து மூடியால் மூடவேண்டும். அடுக்குமாடிப் பொது நடையில் 1.2 மீட்டர் அகலம் வழி விட்டிருக்க வேண்டும். 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீட்டில் இருப்பவரும் ஒன்றை வாங்கி மாட்டலாம். முதியோர் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில், குளியலறைக் கைப்பிடி முதலியவற்றை 2012இல் தொடங்கிய திட்டத்தின்படி கழகம் பெரும் மானியத்துடன் அமைத்துத் தருகிறது. தீ என்றால் அழைக்க வேண்டிய எண் 995. வீட்டிலுள்ள சிறுவருக்கும் அதைக் கற்பிப்போம்.

வணிகச் சகோதரர்களே! இவ்வாரமே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, சிப்பந்திகள் அனைவரும் அதில் அடங்கியிருக்கிறார்களா, தவணை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். காயம் பட்டால் தமக்கு என்ன ஹக்கு உண்டு என்பதை நீங்களே அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கேட்டுப் பெறுமுன் கொடுப்பவரின் வியாபாரத்தில் வல்ல நாயன் பரக்கத்துச் செய்வானாக!