பஞ்ச் போட்டால் வேலை முடிந்ததா?

ஷார்ஜா

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தேன். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களையும் வரிசையாக எழுதியிருக்கிறாய். வருகைக்கு இத்தனை, கேள்விக்கு இத்தனை, விவாதத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கடைசிக் கட்டத்தில் முதலிடம் யார், கடைசியிடம் யார் என்று பச்சையும் சிவப்பும் அடித்திருக்கிறாய். பகலெல்லாம் சைட்டில் நின்றுவிட்டு, ராத்திரி கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாய் என்று நினைக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை அழித்துவிடு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 26 வருஷம் இங்கே டைம்கீப்பராக இருந்தவன். விடியுமுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் வரிசையில் நின்று பஞ்ச் போடுவார்கள். முதலில் கார்டு, அப்புறம் கைரேகை, இப்போது முகம். மாதக் கடைசியில் ஓவர்டைம் கணக்கு என் ஷீட்டிலிருந்துதான் ஆபீசுக்குப் போகும். ஒருவன் பத்து மணி நேரம் சைட்டில் இருந்தான் என்று அந்த ஷீட் சொல்லும். அந்தப் பத்து மணி நேரமும் கம்பி கட்டினானா, ஸ்டோர் நிழலில் சாய்ந்திருந்தானா என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் ஃபோர்மேனைக் கேட்க வேண்டும். எழும்பிய சுவரைப் போய்ப் பார்க்க வேண்டும். நீ இப்போது ஷீட்டைத்தான் எழுதியிருக்கிறாய். சுவரை இன்னும் பார்க்கவில்லை.

வருகையிலிருந்தே தொடங்குகிறேன். வருகையைப் பதிவு செய்த உறுப்பினர் அன்று வந்தவராகிறார். பத்து நிமிஷம் இருந்தாரா, ஆறு மணி நேரம் இருந்தாரா என்ற கணக்கு அதில் கிடையாது. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்வதே இல்லை. நீ பின்னோக்கிப் போய் 15ஆவது மக்களவையை எடுத்தால் ப. சிதம்பரத்துக்கும் மு.க. அழகிரிக்கும் அமைச்சராக இருந்த காலத்துக்குக் கட்டம் காலியாக இருக்கும். அதில் பூஜ்யம் போட்டுவிடாதே. வெற்றிடம் வேறு, பூஜ்யம் வேறு. இதைத் தெரியாத டைம்கீப்பரால் எத்தனையோ பேருக்குச் சம்பளம் பிடித்தம் ஆகியிருக்கிறது.

2023 டிசம்பரை எடுத்துக்கொள். அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கனிமொழி, ஜோதிமணி, மாணிக்கம் தாகூர் எல்லாம் அதில் உண்டு. அவர்கள் வெளியே இருந்த நாட்களில்தான் மூன்று புதிய குற்றவியல் சட்ட மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. அந்த நாட்களை 'வரவில்லை' என்று எழுதினால் எழுத்து சரி, பொருள் தப்பு. இன்னொன்றும் நடந்தது. அன்று அவையிலேயே இல்லாத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் டிசம்பர் 14 அன்று இடைநீக்கப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆள் மாறிவிட்டது என்று பிறகு நீக்கினார்கள். அரசுப் பட்டியலே அப்படித் தடுமாறும்போது உன் பட்டியல் தடுமாறாதா? ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புக் கட்டம் வை.

அடுத்தது கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாக் கேள்வி. நட்சத்திரம் போட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். எது தேறும் என்று குலுக்கல்தான் முடிவு செய்கிறது. அதனால் ஒருவர் பெயரில் 400 கேள்வி, இன்னொருவர் பெயரில் 90 என்றால் முன்னவர் நாலு மடங்கு உழைத்தார் என்று ஆகாது. 2005இல் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவர்களைக் கேமரா பிடித்தது. அந்த டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். உன் அட்டவணை அந்தக் காலத்தில் இருந்திருந்தால், அந்தக் கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டிருக்கும்.

எண்ணுவதற்கு முன் படி. கேள்வி யாரைப் பற்றியது? பதிலில் கணக்கு வந்ததா, 'தகவல் திரட்டப்படுகிறது' என்று வந்ததா? 'பரிசீலிக்கிறோம்' என்று அமைச்சர் வாக்குக் கொடுத்தால் அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்றே நாடாளுமன்றத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் உன் எம்.பி. அந்த வாக்கை ஞாபகப்படுத்தினாரா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடினால் உனக்கு ஒரு வாரம் போகும். போகட்டும்.

இனி நீ ஆசையோடு கேட்டது: யார் எதற்கு வாக்களித்தார்கள்? தம்பி, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும். 'ஆம்' என்போர் சத்தம், 'இல்லை' என்போர் சத்தம், அவைத் தலைவரின் முடிவு. பெயர் எங்கேயும் ஏறாது. யாராவது எழுந்து பிரித்து எண்ணச் சொன்னால்தான் பொத்தான் அழுத்தும் வாக்கெடுப்பு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களுக்கு அதைத்தான் எதிர்க்கட்சிகள் கேட்டன, கிடைக்கவில்லை. அமளியில் குரல் வாக்கெடுப்பு நடந்தது, மறுநாள் 8 பேர் இடைநீக்கம். ஒரு வருஷம் தில்லி எல்லையில் உழவர்களை உட்காரவைத்த சட்டங்களுக்கு அந்த அவையில் யார் கைதூக்கினார்கள் என்று பெயர்ப்பட்டியல் கிடையாது.

பெயர் ஏறிய இடத்திலும் கவனம் வேண்டும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். ஆகவே வாக்குப் பட்டியல் பெரும்பாலும் கட்சியின் பட்டியல்தான். ஆளைத் தேட வேண்டுமானால் விரிசலில் தேடு. 2019 ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவைக்கு வந்தபோது அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினரான தேனி ரவீந்திரநாத் அதை ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி அதே மசோதாவை எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது. மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது. 15 வாக்கு வித்தியாசத்தில் வெளிநடப்பும் ஒரு வாக்குதான். உன் அட்டவணையில் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டே கட்டம் இருக்கிறது. வெளிநடப்பு, வராமை, நடுநிலை என்று இன்னும் மூன்று சேர்.

தோற்றுப்போன வேலைக்கும் இடம் கொடு. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமைத் தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய கட்டாயம் அதிலிருந்து பிறந்தது. 'தாக்கல் செய்த மசோதா: 1, சட்டமானது: 0' என்று எழுதினால் இதெல்லாம் எங்கே போகும்?

இதையெல்லாம் வளைகுடாவில் உட்கார்ந்துகொண்டு நாம் ஏன் செய்ய வேண்டும் என்று உன் ரூமில் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. 2010இல் திருத்திய சட்டப்படி நமக்கு ஊரில் வாக்கு உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் போய்த்தான் போட வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த ஏறக்குறைய 1,20,000 வெளிநாடுவாழ் வாக்காளர்களில் வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதில் 2,670 பேர் கேரளக்காரர்கள். நமக்குப் பதில் ஊரில் இருப்பவர் வாக்களிக்க வழிசெய்த மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் அந்த மக்களவையோடு காலாவதியானது. வாக்குச்சாவடி எட்டாத நமக்கு எட்டக்கூடியது பதிவேடு ஒன்றுதான்.

குவைத்தைப் பார். 2020இல் அங்கே வெளிநாட்டவர் விகிதத்தைக் குறைக்க மசோதா வந்தபோது, இந்தியர்கள் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற யோசனை பேசப்பட்டது. எட்டு லட்சம் பேர் திரும்ப வேண்டி வரும் என்று செய்தி பரவி, நம் ஆட்கள் தூக்கம் இழந்தார்கள். அந்த மசோதாவை எடுத்துக்கொண்ட குவைத் நாடாளுமன்றத்துக்கு 50 பேரைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குப் பங்கில்லை. கடைசியில் அக்டோபரில் வந்த சட்டத்தில் நாடுவாரிச் சதவீதம் இல்லை. தலைப்புச் செய்தியோடு நின்றவர்களுக்குப் பயம் மட்டும் மிஞ்சியது. மசோதாவைக் கடைசிவரை படித்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது. 1963இல் கூடத் தொடங்கிய அந்த நாடாளுமன்றமும் 2024 மே 10 அன்று கலைக்கப்பட்டது, நாலு வருஷம் வரைக்கும். மன்றம் இன்று இல்லை. ஆனால் மைக்கேல் ஹெர்ப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதன் தேர்தல்களையும் உறுப்பினர்களையும் பற்றித் தொகுத்து வைத்த தரவு இருக்கிறது.

இங்கே அமீரகத்திலும் 40 பேர் கொண்ட தேசியக் கூட்டாட்சி மன்றம் உண்டு. பாதிப்பேர் தேர்தலில் வருகிறார்கள். அது இந்த நாட்டுக் குடிமக்களின் விஷயம், நாம் விருந்தாளிகள். நீ உன் ஊர்க் கணக்கோடு நின்றுகொள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடாதே, கேம்பில் கூட்டம் சேர்க்காதே, இதற்கென்று பத்து திர்ஹாம்கூட வசூலிக்காதே. அனுமதியில்லாத வசூல் இங்கே குற்றம். உன் விசாவைவிட உன் எக்செல் பெரிதல்ல.

செய்ய வேண்டியது இதுதான். தில்லியில் 11 மணிக்குத் தொடங்கும் மக்களவைக் கேள்வி நேரம் நமக்கு ஒன்பதரை. அந்த நேரத்தில் நீ சைட்டில் இருப்பாய்; பரவாயில்லை, சாயங்காலம் அச்சான பதிலைப் படி. 39 தொகுதியை விட்டுவிடு, உன் ராமநாதபுரம் ஒன்றை மட்டும் எடு. பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது நாம் கட்டும் சில திர்ஹாம், 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதிக்குப் போகிறது. இங்கே இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பவும், மாட்டிக்கொண்டவரைத் திருப்பி அனுப்பவும் அந்தப் பணம் உதவ வேண்டும். அதில் ஷார்ஜா, துபாய்ப் பகுதியில் எவ்வளவு செலவானது, எத்தனை குடும்பத்துக்குப் போனது என்று உன் எம்.பி. கேட்டிருக்கிறாரா பார். கேட்டிருந்தால் பதிலைத் தமிழில் எழுதி ரூமில் வாசித்துக் காட்டு. கேட்டிருக்காவிட்டால் நீயே கேள்வியை எழுதி அவருக்கு அனுப்பு. கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தொடங்குமுன்னே அவர் கையில் இருக்கட்டும்.

அந்தக் கேள்வி அவையில் ஏறியதா இல்லையா என்பதை உன் ஷீட்டில் எழுது. ஒரு பக்கம் போதும். மதிப்பெண் வேண்டாம், நிறம் வேண்டாம். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
ஒரு பழைய டைம்கீப்பர்