ஏலத் தைலமும் பிரித்தறியும் வித்தையும்



தம்பி, போடிநாயக்கனூரில் 8 மி.மீ. ஏலக்காயையும் 7 மி.மீ. ஏலக்காயையும் சல்லடையிட்டுத் தரம் பிரிப்பதை நித்தமும் பார்க்கிற நீ, வண்ணப்பிரிகை முறையும் மூலக்கூறுகளைச் சலிக்கும் ஒரு நுண்ணிய சல்லடைதானே என்று கேட்டிருக்கிறாய். பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவர்களிடமும் இந்தத் தப்பபிப்பிராயம் வேரூன்றியிருப்பதால், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

சல்லடைக்குத் தெரிந்தது பருமன் ஒன்றே. இம்முறையோ, அசையாது நிற்கும் ஒரு பதார்த்தத்தின் ஊடே திரவத்தையோ வாயுவையோ ஓடவிட்டு, கலவையிலுள்ள ஒவ்வொரு வஸ்துவும் நிற்பதனிடம் எவ்வளவு பற்றுக்கொள்கிறது, ஓடுவதனோடு எவ்வளவு இசைந்து செல்கிறது என்ற தாரதம்மியத்தைக் கொண்டே அவற்றைப் பிரிக்கிறது. பருமனைக் கொண்டு பிரிக்கும் கிளை ஒன்றும் உண்டு. அங்கேயும் பெரிய மூலக்கூறுகள் நிற்கும் பதார்த்தத்தின் துளைகளுக்குள் புக இயலாமல் முதலில் வெளியேறிவிடும். சல்லடையில் நிகழ்வதற்கு இது நேர் விரோதம்!

இலைச்சாற்றைச் சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இறக்கி, பச்சையும் மஞ்சளுமான பட்டைகளாகப் பிரித்துக் காட்டி, 1906-ல் அதை விவரித்து எழுதிய மிகாயில் ஸ்வெட்டின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வெதும்புகிறது. ரசாயனப் பண்டிதர்கள் 1931 வரை அம்முறையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அவரோ 1919-லேயே காலமாகிவிட்டார். பின்னர் இவ்வித்தையை வளர்த்த மார்ட்டினுக்கும் சிங்குக்கும் 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் ஏலமலைக்கு வருவோம். ஏலக்காய்த் தைலத்தில் பிரதானமானவை இரண்டு: கர்ப்பூரம் போல் குளிர்ந்த வாசனையுடைய சினியோல், இனிய மணமுடைய டெர்பினைல் அசிட்டேட். தைலத்தில் இம்மியளவை ஆவியாக்கி, கால் மில்லிமீட்டர் உள்விட்டமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட சுருள்குழாயில் ஹீலியம் வாயு சுமந்து செல்லுமாறு விட்டால், எளிதில் ஆவியாகும் சினியோல் முந்திக்கொண்டு வர, குழாயின் உட்சுவரில் பூசிய மென்படலத்தில் அதிகம் தங்கித் தங்கி வரும் அசிட்டேட் பின்னர் வந்து சேர, இரண்டும் தனித்தனிச் சிகரங்களாக வரைபடத்தில் எழும். மலபார் ரகத்தில் சினியோல் ஓங்கியும் மைசூர் ரகத்தில் அசிட்டேட் ஓங்கியும் இருப்பதை அந்தச் சிகரங்களே சொல்லிவிடும். மூக்கு மயங்கலாம், நன்கு அளவு திருத்திய கருவி அவ்வளவு எளிதில் மயங்காது.

ஏலக்காயின் பச்சை நிறத்தைக் கண்டே விலை பேசும் மோகத்தை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். அந்த மோகமே சிலரைக் காய்க்குச் சாயம் ஏற்றத் தூண்டுகிறது. சந்தேகமான காய்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவை. பச்சையம் நீரில் கரையாது. ஆகையால் நீர் அடர்ந்த பச்சையானால் சாயத்தைச் சந்தேகி. அந்நீரைச் சுண்டவைத்து, வடிதாளின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, பென்சிலால் கோடிட்டு, ஒரு சிறு பொட்டாக வைத்து உலர்த்து. மைக்கோடு இட்டால் அதுவும் சேர்ந்து ஓடும். தாளின் நுனி மட்டும் நனையும்படி உப்புநீரில் நிறுத்து. மஞ்சளையும் நீலத்தையும் கலந்து செய்த பச்சையானால், நீர் ஏற ஏற இரு நிறங்களும் விலகி நிற்கும்.

இப்பரிசோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் பதில் எழுது. ஏலக்காயின் மதிப்பு அதன் தைலத்தில் இருக்கிறது. தோலின் நிறத்தில் இல்லை.