ஓம்ஸில் வைத்து அளந்தால் வாட்ஸ் தெரிந்துவிடுமா?

பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் வயரிங் வேலை பழகும் பையன்களிடமும் சில தவறான எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: மீட்டரை ஓம்ஸில் வைத்துத் தடையை அளந்து, வோல்ட்டேஜின் வர்க்கத்தை அதால் வகுத்தால் திறன் வந்துவிடும்.

உண்மை: 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டாமல், கையில் வைத்தே அளந்து பாருங்கள். சுமார் 65 ஓம் காட்டும். கணக்குப் போட்டால் 814 வாட்! நாம் அளந்தபோது டங்ஸ்டன் இழை குளிர்ந்து கிடந்தது. எரியும்போது அது 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுகிறது. தடையும் 880 ஓமுக்கு ஏறுகிறது. ஓம் விதி மாறா வெப்பநிலையில்தான் பொருந்தும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்.இ.டி.க்குப் பல மீட்டர்கள் ஓம்ஸில் எண்ணே காட்டாது. அதற்கு வழி வேறு. 9 வோல்ட் பேட்டரி, 330 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. மூன்றையும் தொடராக இணையுங்கள். எரியும்போதே மீட்டரை வோல்ட்டில் வைத்து அளந்தால் எல்.இ.டி.யின் குறுக்கே சுமார் 2, ரெசிஸ்டரின் குறுக்கே 7. ஏழை 330-ஆல் வகுத்தால் 21 மில்லி ஆம்பியர்; சுற்றைப் பிரிக்காமலே மின்னோட்டம் கிடைத்துவிட்டது. எல்.இ.டி. எடுப்பது 42 மில்லி வாட், ரெசிஸ்டர் எடுப்பது 147. பேட்டரி கொடுப்பதும் சரியாக 189தான். எந்த உதிரிபாகமானாலும், அதன் குறுக்கே உள்ள வோல்ட்டேஜை அதில் ஓடும் மின்னோட்டத்தால் பெருக்குவதே அந்தக் கணத்தின் திறன்.

நம்பிக்கை: வோல்ட்டேஜ் இரட்டித்தால் திறன் நான்கு மடங்காகும்.

உண்மை: அதே சுற்றுக்கு 18 வோல்ட் கொடுத்தால் எல்.இ.டி.யில் இரண்டேகால் மடங்கு, ரெசிஸ்டரில் ஐந்து மடங்கு. கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். செய்து பார்க்க வேண்டாம்.

நம்பிக்கை: கிளாம்ப் மீட்டர் காட்டும் ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் அதுதான் கரண்ட் பில்லில் ஏறும்.

உண்மை: மலிவான 9 வாட் எல்.இ.டி. பல்பில் இந்தக் கணக்கு 18 என்று வரக்கூடும். உடனே கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்கிறார்கள். அந்த பல்புக்குள் இருக்கும் டையோடும் கெப்பாசிட்டரும் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை. வோல்ட்டேஜ் அலை உச்சிக்கு வரும்போது மட்டும் சட்டென்று இழுக்கின்றன. ஆகவே கணத்துக்குக் கணம் பெருக்கி, சராசரி எடுக்க வேண்டும். வீட்டு மின்மீட்டர் கணக்கில் எடுப்பது அந்தச் சராசரியைத்தான். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 2.7 யூனிட்தான் ஏறும்.

ஆசிரியர்களே, ஓம் விதிச் சோதனையில் கம்பிச்சுருளோடு 12 வோல்ட் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையும் மேசையில் வையுங்கள். குளிர்ந்த தடையையும் எரியும்போதுள்ள தடையையும் பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும்.