ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் இரண்டாயிரம் ரூபாய் கரைந்துவிடுகிறது, போகாவிட்டால் நாள் முழுக்க செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டாய். மாதச் சம்பளத்தில் சென்னையில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் உள்ள கவலைதான் இது. நானும் இதே ஊரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

புதிது புதிதாக இடம் தேடாதே. மூன்று, நான்கு இடங்களைத் தேர்ந்துகொண்டு ஆண்டு முழுவதும் அவற்றுக்கே திரும்பத் திரும்பப் போ. புது இடம் வேண்டும் என்பது பெரும்பாலும் பெரியவர்களின் ஆசை. பிள்ளைகளுக்கு ஓர் இடம் பழகின பிறகுதான் அதில் இருப்பதெல்லாம் கண்ணில் படும். கடற்கரைக்குப் புதிதாகப் போகிற பிள்ளை பலூனையும் பஞ்சுமிட்டாயையும்தான் பார்க்கும். பழகிய பிள்ளை நண்டு வளையைத் தேடும். போன வாரத்தைவிட அலை மேலே ஏறியிருக்கிறது என்று சொல்லும். செலவு குறைவதும் பழகின இடத்தில்தான். எந்த பஸ், எங்கே நிழல், கழிப்பறை எங்கே என்பதெல்லாம் தெரிந்துவிட்டால், தடுமாறி நின்று ஆட்டோ பிடிக்கிற நிலை வராது.

நீங்கள் வேளச்சேரியில் இருப்பது பெரிய வசதி. பறக்கும் ரயிலில் ஏறி, கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மெரினா. ஐந்து வயதுக்குட்பட்ட சின்னவளுக்கு டிக்கெட் வேண்டாம். பெரியவனுக்கு அரை டிக்கெட். போகவர ஆகும் மொத்தச் செலவு, ஆட்டோவில் ஒரு வழிக்குக் கேட்கும் தொகையில் கால்பங்குகூட இருக்காது. பஸ்ஸில் போவதானால், சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உனக்கே தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டு போவதே பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு. அதை அவசரப்படுத்தாதே.

கடற்கரைக்கு விடியற்காலையிலேயே போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டுமென்றால் மட்டும் பிற்பகலில் போங்கள். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. உள்ளே லிஃப்ட் இருக்கிறது. மேலே நின்று, தாங்கள் வந்த ரயில் பாதை எங்கே என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல். பெரியவனுக்கு ஊரின் வரைபடம் மனசில் பதியும்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. நம் கடலுக்கு உள்ளிழுப்பு அதிகம். கணுக்கால் நனையலாம், அதற்குமேல் கூடாது. பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் கதையைப் பெரியவனுக்குச் சொல். 1930இல் கடலில் தத்தளித்த ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொடுத்த கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டுக்காரரின் நினைவாகக் கட்டியது அது. நீச்சல் தெரிந்தவரையே கடல் கொண்டுபோனது என்று சொன்னால், நீ பத்து முறை அதட்டுவதைவிட அது நன்றாக உறைக்கும். கூட்டத்தில் கை விட்டுப்போகலாம் என்பதால் உன் செல்போன் எண்ணை எழுதி இருவர் சட்டைப் பையிலும் வைத்துவிடு.

அடுத்து கிண்டி. ஒரு பெருநகரத்துக்குள்ளே தேசியப் பூங்கா இருப்பது சாதாரண விஷயமா? 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டில் வெளிமானும் புள்ளிமானும் இருக்கின்றன. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் அடுத்தடுத்து உள்ளன. செவ்வாய்க்கிழமை போய் ஏமாந்து திரும்பாதீர்கள்; அன்று விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதே. ஒரு மாதம் மான், அடுத்த மாதம் பாம்பு என்று வைத்துக்கொள்.

ஊருக்கென்று ஒரு பருவக் கணக்கும் இருக்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போங்கள். 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. கூழைக்கடா, கரண்டிவாயன், அதிர்ஷ்டமிருந்தால் பூநாரையும் பார்க்கலாம். சாலையோரத்தில் நிற்காமல் சுற்றுச்சூழல் பூங்காவுக்குள் நின்று பாருங்கள்.

ஜனவரி பிறந்தால் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளுக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் மணலில் புதைத்துக் காத்துவருகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். இரவு நடை சின்னவளுக்கு ஆகாது. மார்ச், ஏப்ரலில் மாலை நேரத்தில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போங்கள். செல்போன் விளக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று எண்ணித் திரும்பிவிடும். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்த உயிர் தானாகக் கடலைத் தேடிப் போவதைப் பார்த்த பிள்ளைக்கு எந்தக் காசு கொடுத்து எந்த விளையாட்டை வாங்கித்தர முடியும்?

கத்திரி வெயிலில் வெளியே போயே தீர வேண்டும் என்பதில்லை. அதே ரயில் பாதையில் கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உள்ளே குளிர்ச்சியாகவும் இருக்கும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவை ஆண்டுக்கு ஒரு தடவை வைத்துக்கொள். அங்கே நுழைவுச்சீட்டே கொஞ்சம் செலவுதான். 602 ஹெக்டேர் பரப்பை ஒரே நாளில் சுற்ற நினைத்தால் சின்னவளை நீதான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். எதைப் பார்ப்பது என்று பிள்ளைகளை முன்கூட்டியே தீர்மானிக்கச் சொல்லி, அதோடு திரும்பிவிடு.

இனி காசுக் கணக்கு. பணம் போவது பயணத்தில், சாப்பாட்டில், பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே விற்கிற சாமானில். பயணத்தைச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள். தண்ணீரும் மோரும் தாராளமாக இருக்கட்டும். பசித்த பிள்ளையைக் கடைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு சிக்கனம் பேச முடியாது. விளையாட்டுச் சாமானுக்கு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஆளுக்கு முப்பது ரூபாய் கையில் கொடுத்துவிடு. சுண்டலா, பலூனா, ராட்டினமா என்பது அவர்கள் பாடு. தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி கிடையாது. இதில் மாப்பிள்ளையும் உன்னோடு ஒரே பேச்சாக நிற்க வேண்டும். அம்மா மறுத்ததை அப்பா வாங்கித்தந்தால் எல்லாம் வீண்.

காசு குறைவாகச் செலவழிப்பதால் பிள்ளைகளுக்குக் குறை வைக்கிறோமோ என்று ஒருநாளும் நினைக்காதே. கடலும் காடும் சதுப்பு நிலமும் ஒரே ஊரில் அமைவது அபூர்வம். அவற்றைத் தன்னுடையவை என்று நினைத்து வளர்கிற பிள்ளை, பெரியவனானதும் அவற்றைக் காப்பாற்றவும் நிற்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடற்கரைக்குக் கிளம்புங்கள். அடுத்த இரண்டு வாரமும் அங்கேயே போங்கள். நாலாவது வாரம் எங்கே போகலாம் என்பதைப் பெரியவன் சொல்லட்டும்; பஸ்ஸா ரயிலா, எவ்வளவு டிக்கெட் என்று அவனே கணக்குப் போட்டுத் தரட்டும்.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
உன் பெரியம்மா