தறிகளுக்குப் பாவு பங்கிடும் முறை

ஒப்புக்கொண்ட துணியைக் குறித்த நாளில் கொடுக்கும் சங்கத்துக்கே அடுத்த வேலை வரும். 1983ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்குப் பொங்கலே கெடு. பண்டிகை எவருக்காகவும் காத்திராது. இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இளம்பிள்ளையிலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆயினும் பாவுகளைத் தறிகளுக்குப் பங்கிடும் விதத்தால் நாட்கள் வீணாவதுண்டு. அதனைத் தவிர்க்கும் வழியை ஆராய்வோம்.

ஒரு தறிக்கூடத்தில் ஒரே தரமான மூன்று தறிகள் உள்ளன என்று கொள்வோம். மும்மூன்று நாள் வேலையுள்ள பாவு மூன்று, நான்கு நாள் பாவு இரண்டு, ஐந்து நாள் பாவு இரண்டு வந்துள்ளன. பிணைக்கும் நேரமும் இக்கணக்கில் அடக்கம். மொத்தம் 27 தறிநாள். ஆகவே 9 நாளுக்குக் குறைவாக முடித்தல் இயலாது.

சிறிய பாவுகள் முதலில் வந்தன என்று அவற்றையே முதலில் ஏற்றி, எத்தறி ஒழிகிறதோ அதற்கு அடுத்ததைக் கொடுத்தால், முதல் தறிக்கு 12 நாளும் மற்றவற்றுக்கு 7, 8 நாட்களுமே வேலை அமையும். துணி தாமதிப்பதோடு கூலியும் ஏற்றத்தாழ்வாகும்.

பெரிய பாவை முதலில் ஏற்றுவது மேல். அப்போது முதல் தறியில் 5, 3, 3. இரண்டாவதில் 5, 3. மூன்றாவதில் 4, 4. வேலை முடிய 11 நாள். இம்முறையில் ஆகும் காலம், மிகக் குறைந்த காலத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடாதென்று ரொனால்டு கிரஹாம் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1969இல் நிறுவினார்.

எல்லாப் பங்கீடுகளையும் எழுதிப் பார்க்கலாகாதா? ஏழு பாவுக்கே 2,187 வகை. இருபது பாவானால் 348 கோடிக்கு மேல். எனவே கையிலுள்ள பங்கீட்டைச் சிறிது சிறிதாகத் திருத்தித் தேடுதலே தக்கது. அதிக வேலையுள்ள தறியின் பாவொன்றை வேறு தறியின் பாவுடன் மாற்றிப் பாருங்கள். நாள் குறைந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதல் தறியின் 5ஐ மூன்றாம் தறியின் 4உடன் மாற்றினால் 11 நாள் 10 ஆகும். பின்பு முதல் தறியின் 4ஐ இரண்டாம் தறியின் 3உடன் மாற்றினால் மூன்று தறிக்கும் ஒன்பது ஒன்பது நாளே. புதிய தறி வாங்காமலே மூன்று நாள் மிச்சம், கூலியும் சமம்.

சில வேளை எந்த ஒரு மாற்றமும் பயன் தராது. ஆயினும் அதனினும் நல்ல பங்கீடு வேறிருக்கலாம். அப்போது வேறொரு பங்கீட்டிலிருந்து மீண்டும் தொடங்குக. சற்றே மோசமான மாற்றத்தையும் தற்காலிகமாக ஏற்று முன்செல்லும் முறையொன்றை 1983இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதை ஒத்தது அது. பெரிய கணக்குகளைக் கணிப்பொறி இவ்வாறு தேடுகிறது.

மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைகளுக்கும் இக்கணக்குப் பொருந்துமாதலால், பயிரிடும் அங்கத்தினர்களும் இதனைக் கைக்கொள்ளலாம். பாவு ஏற்றுமுன் நாட்களைப் பலகையில் எழுதி, அங்கத்தினர் முன்னிலையில் மாற்றிப் பாருங்கள். சுண்ணக்கட்டித் துண்டு ஒன்றே இதற்கான செலவு.