கண்டியிலிருந்து கடலுக்கு: எதைச் சுமப்பது, எதை வாடகைக்கு எடுப்பது

கண்டியில் வசிக்கும் சுழியோடிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் தெளிந்து கிடக்கும். திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா என்று போகலாம். நவம்பரில் அந்தப் பக்கம் மழையும் அலையுமாகிவிட்டால் தெற்கும் மேற்கும் திறந்துகொள்ளும். ஹிக்கடுவை, உனவட்டுன, நீர்கொழும்பு. தீவின் நடுவில் இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கடல் கிடைக்கிறது. ஆனால் எந்தக் கரைக்குப் போனாலும் பல மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார வேண்டும். முழு ஸ்கூபா சாமானும் சேர்ந்தால், சிலிண்டரும் ஈயக்கட்டியும் இல்லாமலே, 10 முதல் 15 கிலோ வரை வரும். நெரிசலான திருகோணமலை பஸ்ஸில் அந்தப் பையை எங்கே வைப்பது என்ற கேள்வியிலிருந்துதான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

இத்தனை காலம் போய்வந்த பிறகு என் முடிவு இது: முகத்தில் ஒட்டுவதையும் உடம்பின் கணக்கை வைத்திருப்பதையும் சொந்தமாக வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். பாரமானதையெல்லாம் கரையில் வாடகைக்கு எடுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மாஸ்க். முகம் ஆளுக்கு ஆள் வேறு, மூக்கும் வேறு. வாடகை மாஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது உங்கள் முகத்துக்குச் செய்தது அல்ல. கடையில் வாங்கும்போது பட்டியைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக இழுங்கள். கையை எடுத்த பின்னும் விழாமல் நின்றால் அது உங்களுக்கானது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் பவர் கண்ணாடி பொருத்தக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். புறாத்தீவில் சிறிய சுறாவைப் பார்க்கப் போய் மங்கலான நிழலை மட்டும் பார்த்துத் திரும்புவது பெரிய ஏமாற்றம். புது மாஸ்க்கின் உட்கண்ணாடியைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டால் பனி படிவது குறையும். எடை அரைக் கிலோ கூட இல்லை. இதை வாடகைக்கு எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மாஸ்க்குக்கு அடுத்து இதைத்தான் வாங்கச் சொல்வேன். மலையில் வசிப்பவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். நீருக்கடியில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகு பல மணி நேரம் எடுத்துத்தான் வெளியேறுகிறது. அது வெளியேறும் முன் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்கு ஏறினால் குமிழியாகிவிடும் ஆபத்து உண்டு. டைவிங் முடிந்த உடனே விமானம் ஏறக் கூடாது என்பது அதனால்தான். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டான் என்ற சுழியோடிகள் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பரிந்துரை. நம் ஊர்க்காரர் பலர் இதை விமானத்துக்கு மட்டும் உரியதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பரிந்துரை ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேற்பட்ட எந்த உயரத்துக்கும் பொருந்தும்.

கண்டி நகரம் சுமார் 500 மீட்டரில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. திருகோணமலையிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாக வருபவருக்கு ஏற்றம் மெதுவானது. மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை வழியாக வந்தால் கதை வேறு. பதினெட்டு வளைவையும் ஏறி, கண்டியைவிட உயரமான மலைப்பகுதியைக் கடந்துதான் நகருக்கு இறங்க வேண்டும். நுவரெலியா வீட்டுக்குப் போகிறவருக்கு 1,868 மீட்டர். அங்கே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, விமானத்தின் உட்புறம் போலத்தான். இந்தக் கணக்கை வைத்திருப்பது கம்ப்யூட்டர். இன்னும் எத்தனை மணி நேரம் உயரம் ஏறக் கூடாது என்று அது திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். வாடகைக் கம்ப்யூட்டரை மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு கரையில் நின்றுவிடுகிறது. நைட்ரஜன் மட்டும் நம்மோடு பஸ் ஏறுகிறது. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று மாற்றிக் கட்டுவது அதைவிட மோசம். இரண்டாவது கருவிக்கு முதல் டைவ் நடந்ததே தெரியாது.

ரெகுலேட்டருக்கு வருவோம். ஆண்டுக்கு ஒரு தடவை, ஒரு வார விடுமுறையில் மட்டும் இறங்குகிறவர் வாங்கத் தேவையில்லை என்பேன். தண்ணீரில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் உள்ளே ரப்பர் வளையங்கள் முதுமையடைகின்றன. தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒரு முறை, சர்வீஸ் செய்ய வேண்டும். அதற்கு மலையிலிருந்து கொழும்புக்கோ கரைக்கோ தனிப் பயணம். அடிக்கடி இறங்குபவருக்கு மட்டும்தான் இந்தச் செலவும் அலைச்சலும் தகும். வாங்கினால் இன்னொன்றைக் கவனியுங்கள்: சிலிண்டரில் பூட்டும் முறை இரண்டு வகை. நம் தீவின் சென்டர்களில் பெரும்பாலும் யோக் எனும் கவ்வி வகை. உங்களுடையது திருகிப் பூட்டும் டின் வகையாக இருந்தால் அடாப்டர் கையில் இருக்க வேண்டும். வாங்காதவர்கள் வாயில் கடிக்கும் மவுத்பீஸை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு, வாடகை ரெகுலேட்டரில் மாட்டித்தரச் சொல்லலாம். சுத்தத்துக்கும் நல்லது, தாடையும் வலிக்காது.

பிசிடி எனும் மிதவைச் சட்டை, வெட்சூட், ஃபின்ஸ் மூன்றையும் வாடகைக்கு எடுங்கள். நம் கடல் 27 முதல் 30 பாகை வெப்பத்தில் இருப்பதால் 3 மில்லிமீட்டர் சூட்டே போதும், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மிகக் குள்ளமானவர், மிக உயரமானவர், பாதம் பெரியவர் ஆகியோர் முன்கூட்டியே தொலைபேசியில் அளவு கேட்பது நல்லது. இங்கே டைவ் கட்டணத்தில் சாமான் வாடகை பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. சொந்தமாகக் கொண்டுபோனால் குறைப்பது சிறு தொகைதான்.

1956-இல் மைக் வில்சன் திருகோணமலையின் சுவாமி மலையடியில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கடலுக்குள் கண்டார். அவர் காலத்தில் இன்றுபோல் கரையெங்கும் வாடகைக்குச் சாமான் வைத்துக்கொண்டு சென்டர்கள் இல்லை. நமக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது, கண்ணைத் திறந்து பயன்படுத்த வேண்டும். வாடகைச் சாமானைப் பார்த்து வாங்குவது ஒரு பயிற்சி. பிசிடியை முழுக்கக் காற்றடித்துப் பத்து நிமிடம் தரையில் வையுங்கள், தளர்ந்தால் கசிகிறது. ஹோஸ் முனைகளை வளைத்து வெடிப்புப் பாருங்கள். சிலிண்டரின் கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியைப் படியுங்கள். காற்றை மூக்கருகே விட்டுப் பாருங்கள். எண்ணெய் வாடை வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். பிறகு வால்வை முழுவதும் திறந்து, மானியைப் பார்த்தபடி நாலைந்து மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். தெற்கில் ஓரிடத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து எழுந்தது. வால்வு முழுக்கத் திறந்துதான் இருந்தது, அப்படியானால் உள்ளே எங்கோ அடைப்பு. வேறு கேட்டேன், தந்தார்கள்.

நிலாவெளியில் ஒரு சென்டரில் சாமான் பார்க்கும் பையனிடம், "தம்பி, இது கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணினது?" என்று கேட்டேன். "இருங்கண்ணே" என்று உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, ரெகுலேட்டரின் இலக்கத்துக்கு நேரே இருந்த தேதியைக் காட்டினான். அந்தக் கொப்பி இருக்கும் இடத்தில் என் முழு நம்பிக்கையையும் வைப்பேன். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் இறங்க மாட்டேன்.

விதிவிலக்கு ஒன்று. மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸ், 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அங்கே இறங்கத் தொழில்நுட்பப் பயிற்சியும், பழகிய சொந்தச் சாமானும் வேண்டும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜண்ட் எண்ணெய்க் கப்பல் 24 மீட்டர் அளவில்தான். பயிற்சி பெற்றவர் வாடகைச் சாமானோடு பார்த்துவரலாம்.

சொந்தச் சாமானின் உண்மையான பாரம் வீடு திரும்பிய பின் தெரியும். கண்டிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஒக்டோபர் நவம்பரில் துணி காய்வதே கஷ்டம். நனைந்த வெட்சூட் நாட்கணக்கில் ஈரமாய்த் தொங்கும். மாஸ்க்கின் சிலிக்கனில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் உப்பைக் கரையிலேயே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். வழியில் காய்ந்து படிந்த உப்பு பிறகு எளிதில் போகாது. ரெகுலேட்டரைக் கழுவும்போது தூசிமூடி இறுக்கமாக இருக்கட்டும், நடுப்பொத்தானை அழுத்த வேண்டாம், அழுத்தினால் தண்ணீர் உள்ளே போகும். வீட்டில் வெயில் நேரடியாகப் படாத, காற்று ஓடும் இடத்தில் தொங்கவிடுங்கள். முழுக்கக் காயாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்.

மாலைதீவுக்கோ அந்தமானுக்கோ போகிறவர்களுக்கும் இதே பங்கீடுதான். மாஸ்க், கம்ப்யூட்டர், ரெகுலேட்டர் இருந்தால் அதுவும் கைப்பையில். டோர்ச்சின் லிதியம் மாற்று பட்டரியும் கைப்பையில்தான். கத்தி பெரிய பையில் போகட்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்து கடலும் மலையும் பார்க்கத் திட்டம் போட்டால், நுவரெலியாவையும் கண்டியையும் முதலில் காட்டிவிட்டுத் திருகோணமலைக்குக் கூட்டிப்போங்கள். கட்டுநாயக்கவில் விமானம் ஏறும் முன், கடைசி டைவ் முடிந்து ஒரு முழு நாளாவது கரையில் தங்க வையுங்கள்.